கொலுசை விற்ற கால்கள்

என் கணவர் ரிக் வண்டி டிரைவர். ஆழ்துளைக் கிணறு, அதாவது போர்வெல் போடுகிற வண்டி. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் ஊர்ப்பக்கம் வரமாட்டார். மகளும் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு சேலத்தில் எங்கள் வாடகை வீட்டில் நானும் டிவியும் மட்டும்தான் மிஞ்சினோம். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

கீழே கடை. மாடியில் இரண்டு அறை. ஒன்றில் கொலுசுக்கு முத்து கோத்துப் பற்றவைப்பார்கள். இன்னொன்றுதான் எங்கள் ‘ஆன்லைன்’. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், படம் எடுக்க வெள்ளைத் துணி போர்த்திய லைட் பெட்டி. கடையின் பெயரில் போனில் ஒரு பக்கம் தொடங்கியிருந்தார்கள். கொலுசுகளைப் படம் எடுத்து அதில் போடுவதும், கேட்கிறவர்களுக்குப் பதில் எழுதுவதும் என் வேலை. வந்த ஆர்டரைப் பார்சல் கட்ட ஒருத்தி இருந்தாள். ராசிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். புருஷன் இல்லை, மாமியாரோடு இருந்தாள். முதலாளி ஒரு அம்மா. அப்பா நடத்திய கடையை அவர் காலத்துக்குப் பின் எடுத்து நடத்தினார். நாங்கள் இருவரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டோம்.

அந்த மாடி அறையை இப்போது நினைத்தாலும் காதுக்குள் கலகலவென்று இருக்கிறது. பக்கத்து அறையில் யாராவது கொலுசை எடுத்து உதறிச் சத்தம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதற்கு நடுவில் நாங்கள் பேசிச் சிரித்த மாதிரி நான் என் வாழ்க்கையில் வேறெங்கும் சிரித்ததில்லை.

ஆரம்பத்தில் வியாபாரம் ஒன்றும் நடக்கவில்லை. சிவப்பு வெல்வெட்டில் கொலுசை வளைத்து வைத்து நான் எடுத்த படங்களை யாரும் சீண்டவில்லை. ஒரு மழைநாளில் லைட் பெட்டியின் பல்பு போய்விட்டது. அன்றைக்குப் புது டிசைன் ஒன்று போட்டாக வேண்டும். ராசிபுரத்துக்காரி அந்தக் கொலுசின் திருகாணி சரியாக ஏறுகிறதா என்று பார்க்கத் தன் காலில் மாட்டிக்கொண்டு, காய வைத்த துணியை எடுக்க மொட்டை மாடிக்கு ஓடினாள். ஈரத் தரை. புடவைக் கரையைச் சற்றுத் தூக்கிப் பிடித்திருந்தாள். மாநிறக் கால். பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். கணுக்காலுக்கு மேல், எப்போதோ சைலன்சர் பட்டுச் சுட்ட தழும்பு ஒன்று பிறை மாதிரி இருந்தது.

“அப்படியே நில்லு” என்று சொல்லி ஒரு படம் எடுத்தேன். அதைத்தான் போட்டேன்.

மறுநாள் காலையில் பக்கத்தைத் திறந்தால் மெசேஜ் குவிந்து கிடந்தது. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மதியம் வரை வாசித்துக்கொண்டே வந்தவர் சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார்.

“ஏன்டி, கேக்கறவங்க பூராவும் ஆம்பளைங்களா இருக்காங்க?”

“பொண்டாட்டிக்கு வாங்கித் தருவாங்களா இருக்கும்க்கா.”

“அப்படின்னா அளவுதான கேக்கணும்? இங்க பாரு, ‘இன்னொரு காலையும் காட்டுங்க’ன்னு கேக்கறான். ரெண்டு காலுக்கும் ஒரே கொலுசுதானேடி?”

ராசிபுரத்துக்காரி பார்சல் டேப்பைப் பல்லால் கடித்தபடி சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஆர்டரும் வந்தது. வெல்வெட்டில் கிடந்தபோது விலை போகாத கொலுசு, காலில் ஏறியதும் போய்விட்டது. அடுத்த டிசைனையும் அவள் காலிலேயே எடுத்தோம். அதற்கடுத்ததையும்.

நான் தபால் வழியில் உளவியல் படித்தவள். பட்டம் கையில் இருந்ததே தவிர, அதை வைத்து ஒரு நாளும் ஒரு வேலையும் செய்ததில்லை. அந்த மெசேஜ்களை வாசிக்க வாசிக்கத்தான், பரீட்சைக்கு வராது என்று நான் தாண்டிப்போன ஒரு பாடம் ஞாபகத்துக்கு வந்தது. பரணிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி வாசித்துவிட்டு, மறுநாள் டீ குடிக்கும்போது இருவருக்கும் சொன்னேன். சிலருக்கு ஆசை ஓர் ஆளின் மேல் முழுதாகப் போய் விழாது. ஏதோ ஓர் உறுப்பின் மேலோ, செருப்பு, துணி மாதிரி ஒரு பொருளின் மேலோ போய் நின்றுவிடும். அதிலேயே அதிகம் பேருக்குக் கால்தான்.

“ஏன் அப்படி ஆவுது?” என்று கேட்டாள் ராசிபுரத்துக்காரி.

“சரியா யாருக்கும் தெரியாது. மூளையில காலுக்கான எடமும் அந்த ஆசைக்கான எடமும் பக்கத்துப் பக்கத்துல இருக்குதாம், ஒயரு மாறி ஒட்டிக்குதோ என்னமோன்னு ஒரு கட்சி சொல்லுது. ஏதோ ஒரு சமயத்துல மனசு கிறங்கி இருந்தப்ப கண்ணுல பட்டது அப்படியே பழக்கமா ஒட்டிக்கிச்சுன்னு இன்னொரு கட்சி.”

“அப்ப அது நோவு இல்லியா?”

“அவனுக்கும் கஷ்டம் இல்லாம, அடுத்தவங்களுக்கும் தொந்தரவு இல்லாம இருந்தா நோவு இல்லைன்னுதான் போட்டிருக்கு.”

அவள் தன் காலை நீட்டிப் பார்த்துக்கொண்டாள். “எம் மொகத்தப் பாத்து இது வரைக்கும் ஒருத்தனும் நின்னதில்ல. எங்க அம்மா இந்த நீட்டு விரலப் பாத்தே புருஷனுக்கு ஆவாதுன்னு சொல்லுவா. இதுக்குப் போயி இத்தன கிராக்கியா!”

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் படத்தை நிறுத்தச் சொல்லவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு விளம்பரக்காரர் வந்தது அதன் பிறகுதான். அக்காவின் உறவுக்காரர் ஒருவர் அனுப்பி வைத்தார். முப்பது வயதிருக்கும், நன்றாகப் பேசுவார். எங்கள் பக்கத்தை லேப்டாப்பில் ஓடவிட்டு, எந்தப் படத்தில் ஆட்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கோடு கோடாகக் காட்டினார். கொலுசுப் படத்தில் யாரும் நிற்கவில்லை. குதிகால் தெரிகிற படத்தில் நின்றார்கள். ஈரமான காலில் இன்னும் நின்றார்கள்.

“மேடம், நீங்க கொலுசு விக்கறதா நெனச்சுட்டு இருக்கீங்க. நீங்க விக்கறது ஒரு சாக்கு” என்றார்.

அக்காவுக்குப் புரியவில்லை.

“கால் படம்னு தேடறதுக்கு அவனுக்கு வெக்கம் மேடம். கொலுசு பாக்கறேன்னா வெக்கம் இல்ல. பொண்டாட்டி எட்டிப் பாத்தாலும் கொலுசுதான். வாங்கியும் கொடுத்துடுவான். நாம கடைசி வரைக்கும் கால்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. சொன்னா ஓடிருவான். பெரிய கம்பெனிங்க செருப்புக்கும் சென்ட்டுக்கும் இதத்தான் பண்றாங்க. ஆசைய அவங்க உண்டாக்கறதில்ல. இருக்கற ஆசைக்கு ஒரு மரியாதையான கதவு வெச்சுத் தர்றாங்க.”

அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் விளம்பரத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மெதுவாகப் படியிறங்கும் கால்களை வீடியோ எடுத்தோம். பாட்டு வேண்டாம், கொலுசுச் சத்தம் மட்டும் போதும் என்றார். அதுவும் ஓடியது. தீபாவளிக்கு முன்னால் பார்சல் கட்ட ஆள் பற்றாமல் அக்காவே தரையில் உட்கார்ந்து டேப் ஒட்டினார். மூவரும் ஒரே தூக்குப்போசியிலிருந்து புளிசாதம் சாப்பிட்ட நாட்கள் அவை.

பிறகுதான் அவர் அந்த யோசனையைச் சொன்னார். புதுக் கொலுசை ராசிபுரத்துக்காரி ஒரு நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும். கழற்றித் துடைக்காமல் உறையில் போட்டு, கூடவே அந்தக் காலில் அது இருந்த படத்தையும் வைத்து, விலையைக் கூட்டி விற்கலாம். கேட்டு ஏற்கெனவே சிலர் எழுதியிருந்தது உண்மைதான். அந்த மெசேஜ்களுக்கு நான்தான் பதில் போடாமல் விட்டிருந்தேன்.

அக்கா ராசிபுரத்துக்காரியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“காலக் காட்டுறேன் சார். கொலுசப் போட்டா காலு தெரியத்தான் செய்யும். ஆனா என் வேர்வைய வெல வெச்சு விக்க நா சம்மதிக்க மாட்டேன்.”

“சரி, வேண்டாம்னா விட்டுடலாம்” என்றார் அவர். அக்காவும் விட்டுவிடச் சொன்னார். நாங்களும் அதோடு மறந்துவிட்டோம்.

கோடை தொடங்கிய ஒரு நாள் அவள் காலுறை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். சேலத்து வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்த நேரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற கனமான வெள்ளைக் காலுறை. கால் வெடிப்பு என்றாள். மறுநாளும் போட்டு வந்தாள். படத்துக்குக் கழற்றச் சொன்னபோது, “இன்னிக்கி வேண்டாங்க்கா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மொட்டை மாடிக்கு அழைத்துப் போய்க் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு அழுதுகொண்டே சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆள் அவள் அருகில் வந்து நின்றிருக்கிறான். சட்டையை இன் பண்ணிய, பார்க்க மரியாதையான ஆள். குனிந்து அவள் காலைப் பார்த்திருக்கிறான். சைலன்சர் தழும்பைப் பார்த்ததும் நிமிர்ந்து, மெதுவாக, “நீங்கதானே அந்தக் கால்?” என்று கேட்டிருக்கிறான்.

“தொடலீங்க்கா. கெட்ட வார்த்த ஒண்ணும் பேசல. ‘நீங்க போட்ட கொலுசு எங்கிட்ட இருக்கு’ன்னு சொன்னான். அதுக்கு மேல ஒண்ணுமே சொல்லல. நா பஸ்ஸுல ஏறிட்டேன். இப்ப நடக்கறப்பல்லாம் எல்லாரும் எங் காலையே பாக்கற மாதிரி இருக்குது.”

நீங்கள் போட்ட கொலுசு என்ற வார்த்தைதான் என்னை நிறுத்தியது. நாங்கள் அப்படி எதையும் விற்கவில்லையே. கீழே வந்து தேடிப் பார்த்தோம். விளம்பரக்காரர் அவள் படியிறங்கும் பழைய வீடியோவை எடுத்துத் தனியாக ஒரு விளம்பரம் விட்டிருந்தார். ‘ஒரு நாள் முழுவதும் இந்தக் காலில் இருந்தது, இனி உங்களுடையது’ என்று மேலே எழுத்து. அதில் வந்த ஆர்டர்களுக்கு நாங்களே விஷயம் தெரியாமல் புதுக் கொலுசைத்தான் அனுப்பியிருக்கிறோம். அவள் போடவே இல்லை. அவளைக் கேட்கவும் இல்லை. வீடியோவின் ஓரத்தில் எங்கள் தெரு முனை பேக்கரியின் போர்டு பளிச்சென்று தெரிந்தது.

அக்கா அங்கேயே நின்றபடி அவருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது.

“மேடம், தேடி வர்ற அளவுக்குப் போயிருக்குன்னா அதுக்குப் பேர்தான் சக்சஸ். கொஞ்ச நாள் அவங்க ஆட்டோல வரட்டும்.”

“இந்த வெயில்ல ஒருத்தி காலுக்கு மூடி போட்டுட்டு நடக்கறா. உனக்கு இது சக்சஸா? இப்பவே அத எடு. எடுத்துட்டு இந்தப் பக்கமே வராத.”

அவ்வளவு கோபமாக அக்காவை நான் பார்த்ததில்லை. அன்றைக்கே போலீஸிலும் போய்ச் சொன்னார். அந்த ஆள் மறுபடி வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ராசிபுரத்துக்காரி வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நானும் அக்காவும் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனோம். மாமியார் விஷயம் தெரியாமல் எங்களுக்கு மோர் கொடுத்து உபசரித்தார். அவர் உள்ளே போன நேரம் பார்த்து அக்கா அவளிடம், “உன்னக் கேக்காம நடந்துபோச்சு. கடை என்னுது, அப்ப தப்பும் என்னுதுதான்” என்றார். அவள் தலையாட்டினாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவள் இல்லாத நாட்களில் துணிக்கடையில் வைக்கிற பொம்மைக் கால் ஒன்று வாங்கி அதில் கொலுசை மாட்டிப் படம் எடுத்தேன். வழவழவென்று, நரம்போ ரேகையோ இல்லாத கால். ஒரு ஆர்டரும் வரவில்லை. ‘அந்தக் கால் எங்கே?’ என்று மட்டும் விதவிதமாக எழுதினார்கள். ஒருவர் உடம்பு சரியில்லையா என்று உண்மையான கவலையோடு விசாரித்திருந்தார்.

சிறிது நாள் கழித்து அவளாகவே வந்தாள். படியேறி வந்து பொம்மைக் காலைப் பார்த்தாள்.

“இது என்னங்க்கா, யான தந்தமாட்டம் இருக்குது?”

சிரித்துக்கொண்டே காலுறையைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டாள். பிறகு அக்காவிடம் தன் நிபந்தனைகளைச் சொன்னாள். எந்தப் படம் போக வேண்டும் என்று அவள் பார்த்துச் சொல்வாள். தழும்பு தெரியக்கூடாது. ஊர், தெரு, போர்டு எதுவும் படத்தில் விழக்கூடாது. காலுக்குத் தனிச் சம்பளம். அக்கா ஒரு மறுப்பும் சொல்லாமல் எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

அந்த வருஷம் ஆடித் தள்ளுபடிக்காக நாங்கள் இருவரும் கீழே கடையில் நின்றபோது பரமத்திப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பொண்டாட்டியும் கடைக்கு வந்தார்கள். அவர் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருந்தார். எங்கள் ஆன்லைன் பக்கத்தில் படம் பார்த்து அடிக்கடி வாங்குகிறவர். பெயரைக் கேட்டதும் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. நேரில் அந்த மனிதர் தலை நிமிரவில்லை. வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, காற்றாடிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மாதான் கலகலப்பாகப் பேசினார்.

“ஏனுங்க, அந்தப் படி எறங்கற வீடியோவுல வந்துதுங்களே, அந்தக் கொலுசு இருக்குதுங்களா? எங்க ஊட்டுக்காரரு அதயவே போட்டுப் போட்டுப் பாத்துட்டு இருக்கறாருங்க.”

அவர் “சும்மா இரு” என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது என்று எழுந்து வெளியே போய்விட்டார். அந்த அம்மா காலை நீட்டி ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக்கொண்டே என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

“அவரு அப்படித்தானுங்க. யாரோட மொகத்தயும் நெனப்பு வெச்சுக்க மாட்டாரு. காலு மறக்காது. ரொம்ப வருசமா எங்கிட்டச் சொல்லாம மறச்சு வெச்சிருந்தாருங்க. போன ஒளிக்கறதும் பாத்ரூமுக்குக் கொண்டுட்டுப் போறதுமா. எவளோ இருக்கறாளாட்ட இருக்குதுன்னு நா அழுது பொறந்த ஊட்டுக்கே போயிட்டனுங்க. அப்பறம் வந்து உக்காந்து, வேர்த்து ஊத்த ஊத்தச் சொல்றாரு, இப்படி இப்படின்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. காலுதானா சாமி, இதுக்கா இத்தன கூத்துன்னு கேட்டுப்போட்டேன். அன்னிக்கு அவரு அழுதாருங்க.”

“இப்ப?”

“இப்ப என்னங்க, நல்லா இருக்கறோம். வாரத்துக்கு ஒருக்கா எங் காலுக்கு அவரே தேச்சுக் கழுவி மருதாணி வெச்சுடறாரு. எங்க நங்கையா, நாத்தனாரெல்லாம் பொறாமப்படறாங்க. அவங்களுக்குக் காரணந் தெரியாதுங்க.”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். பக்கத்தில் பார்சல் கட்டிக்கொண்டிருந்த ராசிபுரத்துக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தானே எழுந்து வந்து, குந்தி உட்கார்ந்து, அந்த அம்மாவின் காலில் திருகாணியை ஏற்றிவிட்டாள். வெளியிலிருந்து வந்த மனிதர் அவள் காலை அடையாளம் கண்டாரா என்று தெரியவில்லை. அவர் பார்வை தன் மனைவியின் காலிலேயே இருந்தது. “அளவு சரியா இருக்குதா?” என்று கேட்டார். குரலில் அத்தனை கூச்சம், அத்தனை மகிழ்ச்சி.

அவர்கள் போன பிறகு ராசிபுரத்துக்காரி விட்ட பார்சலைக் கட்டி முடித்தாள். பிறகு, “இவரும் அதே வீடியோவத்தான் பாத்திருக்காரு, அவனும் அதே வீடியோவத்தான் பாத்திருக்கான்” என்றாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் புத்தகத்தில் இருவருக்கும் ஒரே பெயர்தான் போட்டிருந்தது.

அடுத்த பொங்கலுக்கு என் கணவர் ஊருக்கு வந்தார். ரிக் மண்ணும் டீசலும் போக இரண்டு முறை குளித்துவிட்டு, கட்டிலில் சாய்ந்தபடி நான் சொன்ன கதை முழுவதையும் கேட்டார். பரமத்திக்காரர் கதையில் நன்றாகச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கூரையைப் பார்த்தார்.

“உனக்கு ஒண்ணு சொல்லட்டா?”

“கஞ்சி போட்ட சேலதான?” என்றேன்.

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான புதிதிலிருந்து நான் கவனித்து வந்தது அது. பட்டுச் சேலை கட்டினால் அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். மொடமொடவென்று கஞ்சி போட்ட பருத்திச் சேலையோடு நான் அறைக்குள் நடந்தால், பேசிக்கொண்டிருக்கிறவரின் பேச்சு நின்றுவிடும். அந்தச் சரசரப்பு காதில் விழ வேண்டும். அவர் வருகிறார் என்று போன் வந்தால் நானும் முதல் வேலையாக அரிசிக்கஞ்சி வடித்து வைத்துவிடுவேன். இத்தனை காலம் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

“தெரிஞ்சேதான் கட்டிட்டு இருந்தியா?” என்றார்.

“இளம்பிள்ளை ஊருத் தறிக்காரங்ககிட்ட வருசா வருசம் பருத்திச் சேலையா வாங்கிக் குமிச்சா தெரியாதா?”

“வேல செய்யற எடத்துல, டெண்டுக்குப் பக்கத்துல சோளத் தட்டு காத்துல சரசரங்கும். அதக் கேட்டாக்கூட ஊட்டு ஞாபகம் வந்துரும்” என்றார். பிறகு வெட்கப்பட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அந்த விடுமுறைதான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல விடுமுறை என்று இன்றும் நினைக்கிறேன்.

அவர் திரும்பிப் போனதும் ஒரு வேடிக்கை நடந்தது. அவர் என் போனில் சேலைப் படங்களைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் போல. எதைத் திறந்தாலும் பருத்திச் சேலை விளம்பரம். ஒரு வீடியோவில் முகம் தெரியாத ஒரு பெண் கொசுவத்தை உதறி உதறி மடிக்கிறாள். பாட்டு இல்லை. சரசரப்புச் சத்தம் மட்டும். எந்த ஊரிலோ எவரோ கோடு கோடாகப் போட்டு, என் கணவரைப் போன்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு ஒரு நிமிஷம் கூசியது. யாரோ எங்கள் அறைக் கதவைத் திறந்து பார்த்த மாதிரி இருந்தது. பிறகு அதே சேலையை ஆர்டரும் போட்டேன்.

அக்காவுக்கு முட்டி வலி அதிகமாகி, மகனோடு பெங்களூர் போனபோது கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். புதிதாக வந்தவர்கள் படத்தையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்கிறார்கள். காலும் கம்ப்யூட்டரே வரைந்துவிடுகிறது என்று கேள்வி. நான் இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். அங்கே யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை.

ராசிபுரத்துக்காரி மறுமணம் செய்துகொண்டு ஆத்தூர்ப் பக்கம் போய்விட்டாள். மாமியாரே முன்னின்று நடத்தி வைத்தார். கல்யாணத்துக்கு நானும் அக்காவும் போயிருந்தோம். மெட்டி போடும் நேரம் மாப்பிள்ளை குனிந்து அவள் காலை அம்மிமேல் எடுத்து வைத்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டோம். மணமேடையிலிருந்து அவளே எங்களைப் பார்த்துவிட்டாள். உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்து, முடியாமல், எல்லார் முன்னாலும் சிரித்தேவிட்டாள். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார்.